கூற்றை அறுக்கும் கருவி: கவ்வாலியும் குரல் பிரிப்பும்

'கவ்வாலி' என்ற சொல் 'கவ்ல்' என்னும் அரபு மூலத்திலிருந்து பிறந்தது. கவ்ல் என்றால் கூற்று. கூற்றை மீண்டும் மீண்டும் எடுத்தோதுபவர் கவ்வால். இக்கலையின் பெயரிலேயே சொல்லுக்கு முதலிடம் தரப்பட்டிருக்கிறது. பதிவான பாடலிலிருந்து பாடகரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய தாளத்தின்மீது பொருத்தும் ரீமிக்ஸ் முயற்சிகளை இந்த அளவுகோலைக் கொண்டே நாம் மதிப்பிட விழைகிறோம். இசைக்கருவிகள் ஆகுமா ஆகாதா என்ற ஃபிக்ஹுச் சர்ச்சை வேறு. அதற்குள் இங்கு நாம் நுழையவில்லை.

முன்பு குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களாகப் பதியப்பட்ட மூல நாடா யாரிடம் இருந்ததோ அவருக்கே குரல் தனியாகக் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஓர் எளிய உத்தி மட்டும் இருந்தது. ஸ்டீரியோப் பதிவில் முதன்மைக் குரல் பெரும்பாலும் இடம், வலம் இரண்டிலும் சமமாக ஒலிக்கும்; ஒரு பக்கத்து ஒலியலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு கூட்டினால், இரண்டிற்கும் பொதுவானது அழிந்துவிடும். இது குரலை நீக்குமே தவிர எடுத்துத் தராது. 2019இல் பிரான்சின் டீசர் நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதன்பின் இக்காரியம் வீட்டுக் கணினிக்குள் வந்துவிட்டது. கலந்த ஒலியில் எக்கணத்தில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு குரலுக்குரியது என்று கணினி மதிப்பிட்டுப் பிரிக்கிறது. நாம் கேட்பது அந்த மதிப்பீட்டையே.

உஸ்தாத் நுஸ்ரத் ஃபதே அலீ கான் பாடி, கனடாவைச் சேர்ந்த மைக்கேல் புரூக் தயாரித்து, 1990இல் இங்கிலாந்தின் ரியல் வேர்ல்டு நிறுவனத்தில் உருவான 'மஸ்த் மஸ்த்' தொகுப்பு இவ்வகையில் ஒரு முன்னோடி. மாசிவ் அட்டாக் குழுவினரின் ரீமிக்ஸும் அதில் உண்டு. கவ்வாலியை அறியாத பல்லாயிரம் மேலை இளைஞர்களை அது நுஸ்ரத்திடம் அழைத்து வந்தது. அந்த நன்றியை மறைப்பதற்கில்லை. ஆனால் தொகுப்பின் தயாரிப்பில் நிகழ்ந்த ஒன்றை புரூக்கே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். தாம் செய்த சில வெட்டுகளை நுஸ்ரத் ஏற்கவில்லையாம். வாக்கியங்கள் பாதியில் அறுந்து பொருளிழந்திருந்தன. வெறும் ஸரிகம பாடிய இடங்களில்கூட ஒரு கற்பனையின் வளர்ச்சி இடையில் துண்டாகியிருந்தது. இறுதியில் இரு தரப்புக்கும் நடுவே ஓர் இணக்கம் காணப்பட்டது.

தஜ்வீத் கற்ற எவருக்கும் இக்குறை புதிதன்று. 'வக்ஃப் கபீஹ்', அதாவது இழிவான நிறுத்தம், என்று அதற்குப் பெயர். கலிமாவின் மறுப்புப் பகுதியை ஓதிவிட்டு, நிலைநாட்டும் பகுதிக்கு முன் வேண்டுமென்றே நிறுத்தினால் ஈமானின் வாக்கியமே அதற்கு நேர்மாறாகிவிடும். மூச்சு முட்டி நின்றவரும் சற்றுப் பின்னே சென்று, பொருள் நிறையும்படி மீண்டும் ஓத வேண்டும் என்பது விதி. இறைவேதத்தையும் பாடலையும் நாம் ஒரு தட்டில் வைக்கவில்லை. செவிக்குரிய ஒழுக்கத்தை மட்டுமே கடன் வாங்குகிறோம். கவ்வாலும் அடியை உடைக்கிறாரே, ஒரு சொல்லையே இருபது முறை பாடுகிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் திரும்பி வருகிறார். வேறொரு கவிதையைக் 'கிரஹ்'ஆக இடையில் முடிந்தாலும் முதலடிக்கே மீள்கிறார். ரீமிக்ஸின் சுழற்சியோ அறுந்த பாதியையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. முழுமைக்கு மீளும் வழி அதற்குள் இல்லை.

1990இல் மறுப்புச் சொல்ல நுஸ்ரத் உடனிருந்தார். 1997 ஆகஸ்ட் 16இல் அவர் மறைந்தார். இன்று அவரது எந்தப் பதிவிலிருந்தும், எவரும், உருதுவோ பஞ்சாபியோ ஒரு சொல்லும் தெரியாமலே குரலைப் பிரித்து விரும்பிய இடத்தில் வெட்டலாம்.

ஸமாஃவுக்கு உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துக்காட்டுகிறார்கள். மூன்றாவதாகிய 'இக்வான்' இங்கு முக்கியம். ஜான் லெனனின் பழைய ஒலிநாடாவில் பியானோவுக்கு அடியில் அமிழ்ந்திருந்த குரல் இதே வகைத் தொழில்நுட்பத்தால் மீட்கப்பட்டு, 2023இல் 'நௌ அண்ட் தென்' ஆக வெளிவந்தது. அங்கே அந்தக் குரலைச் சுற்றி இசைத்தவர்கள் அவருடைய பழைய தோழர்கள். ஆகவே கருவியை மட்டும் நாம் பழிப்பதற்கில்லை.

கவ்வாலியில் தோழர்களைப் பிரிப்பது இன்னும் சிக்கலானது. குழுவினர் அடியை வாங்கிப் பாடுகின்றனர், கைத்தட்டல் தாளமாகிறது, ஹார்மோனியம் குரலின் அதே சுரங்களில் நிழல்போல் தொடர்கிறது. இத்துறையில் பரவலாகப் பயன்படும் 'மியூஸ்டிபி18' என்ற பயிற்சித் தொகுப்பின் 150 பாடல்களும் குரல், தாளக்கருவி, பேஸ், மற்றவை என நான்காகவே பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பாப், ராக் பாடல்கள். ஹார்மோனியத்துக்கு அங்கே பெயரில்லை; 'மற்றவை'யில்தான் அது சேர வேண்டும்.

1990இல் பதிவாகி 2024இல் வெளிவந்த 'செயின் ஆஃப் லைட்' தொகுப்பை, முழுக் குழுவும் மரபு வழியில் பாடுவதை, வாசகர்கள் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கட்டும். நுஸ்ரத்தின் குழுவில் நெடுங்காலம் ஹார்மோனியம் வாசித்து உடன் பாடியவர் அவருடைய தம்பி ஃபர்ருக் ஃபதே அலீ கான். அண்ணனின் குரல் எங்கே முடிகிறது, தம்பியின் விரல் எங்கே தொடங்குகிறது என்று அவ்விருவரின் இசையில் நம்மால் பல இடங்களில் சொல்ல முடியவில்லை.