பெயர் மறந்த நூல்: ‘முதல் ஆசிரியர்’ பற்றிச் சில சிந்தனைகள்

இளமையிற் படித்த நூலொன்றைத் தேடி அலைவோர் எம்மிடையே பலர் உளர். கதை நினைவிலிருக்கும், தலைப்பு நினைவிலிராது. படமொன்று கண்முன் நிற்கும். எழுதியவர் பெயர் தோன்றாது. “குதிரை லாயமொன்றைப் பள்ளிக்கூடமாக்கிய வாத்தியார் ஒருவர், குளிர்ந்த ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தூக்கிச் செல்வார், மேட்டிலே இரண்டு மரங்கள் நிற்கும். ரஷ்யக் கதை என்று நினைவு. என்ன புத்தகம் அது?” ஆசிரியர் ஓய்வறைகளிலும் புத்தகக் கடைகளிலும் இத்தகைய வினாக்களை நாம் அடிக்கடி கேட்கின்றோம்.

இவ்வினாவை ஒரு சாரார் வெறும் பழமை ஏக்கமெனத் தள்ளிவிடுவர். சமுதாயப் பணிகள் ஆயிரம் கிடக்கச் சிறுபராயத்துப் புத்தகமொன்றைத் தேடுவது ஓய்வு மிகுந்தோரின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார் அவ்வேக்கத்திலேயே மூழ்கித் திளைப்பர். காகிதத்தின் மணத்தையும் அட்டையின் நிறத்தையும் பேசிப் பேசி, நூல் சொன்ன செய்தியை மறந்துவிடுவர். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே: நினைவு என்பதைத் தனிமனிதனின் சொந்த உடைமையாக அவர்கள் கொள்கின்றனர். ஒரு நூலில் எது நினைவில் நிற்கின்றது, எது மறைந்துபோகின்றது என்பது தற்செயலான காரியமன்று. கதையை மறவாத நாம், அதனை எழுதியவரையும், மொழிபெயர்த்தவரையும், அச்சிட்டவரையும், எமது ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவரையும் மறந்துவிடுகின்றோம். பயனை நுகர்ந்துவிட்டு உழைத்தவரை மறப்பது சமுதாய வாழ்வின் பிற துறைகளிலும் நாம் காணும் வழக்கந்தானே? மறந்த நூலைத் தேடுவது, மறக்கப்பட்ட உழைப்பைத் தேடுவதாகவும் அமையும்போதே பொருளுடைத்தாகின்றது. மேலே கூறிய கதையே இதற்குத் தக்க சான்று.

அது சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’ என்னும் குறுநாவல், 1962இல் வெளிவந்தது. ஆசிரியர் 1928இல் கிர்கீசியாவின் ஷேக்கர் என்னும் கிராமத்திற் பிறந்து, 2008இல் மறைந்தவர். இக்கதையும் ‘ஜமீலா’வும் அடங்கிய தொகுதிக்காக 1963இல் லெனின் பரிசு பெற்றார். ஆகவே, ‘ரஷ்யக் கதை’ என்று நினைவிற் பதிந்திருப்பதே முதலாவது மறதி. இது கிர்கீசியக் கதை. மலையடிவாரத்து மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்த சிறியதொரு தேசிய இனத்தின் கதை. பெரிய இனத்தின் பெயருக்குள் சிறிய இனத்தின் பெயர் கரைந்துபோவது எத்தன்மையது என்பதை இலங்கைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது மறதி மொழிபெயர்ப்பாளரைப் பற்றியது. ‘முதல் ஆசிரியர்’ நூலைத் தமிழிலே தந்தவர் பூ. சோமசுந்தரம். ரா. கிருஷ்ணய்யா, நா. தர்மராஜன் முதலியோரைப் போன்று மொஸ்கோவிலே தங்கியிருந்து தமிழாக்கப் பணி புரிந்தவர் அவர். பொரிஸ் பொலெவோய் 1946இல் எழுதிய ‘உண்மை மனிதனின் கதை’யையும் தமிழாக்கியவர் அவரே. 1942இல் விமானம் வீழ்த்தப்பட்டு, பனிக்காட்டினூடே 18 நாட்கள் தவழ்ந்து உயிர்தப்பி, இரு கால்களையும் இழந்தபின் மீண்டும் போர்விமானம் செலுத்திய மரேசியெவ் என்பாரின் வாழ்வைத் தழுவியது அந்நாவல். அதனையும் ‘காலில்லாத விமானியின் கதை’ என்றே பலர் தேடுகின்றனர். ஒரே கையால் தமிழான இரு நூல்களை இருவேறு வாசகர்கள் தேடுகின்றனர். அக்கையைத் தேடுவார் அரியர்.

மூன்றாவதாக, இந்நூல்கள் ஏன் எமக்குக் கிடைத்தன என்ற கேள்வியை நாம் கேட்டதில்லை. ஏழை மாணவனும் வாங்கத்தக்க விலையிலே அவை விற்கப்பட்டமைக்குக் காரணம் சோவியத் அரசு அச்சுச் செலவை ஏற்றமையேயாகும். முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதனின்றும் பிரிந்த ராதுகா பதிப்பகமும் அச்சிட்டவற்றைத் தமிழகத்திலே நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பரப்பியது. இலங்கையில் இடதுசாரி இயக்கத் தோழர்களின் புத்தகசாலைகள் வழியாக அவை ஊர் வாசிகசாலைகளை அடைந்தன. இது தூய கருணையின்பாற்பட்ட செயலென்று நாம் கூறவில்லை. உலகின் இரு முகாம்களும் மக்கள் மனத்தை வெல்லப் போட்டியிட்ட காலம் அது. அமெரிக்காவும் தன் பங்குக்கு மலிவுவிலை மொழிபெயர்ப்புகளுக்குப் பொருளுதவி செய்தது. ஆயினும், அப்போட்டியின் விளைவாகக் கிர்கீசியக் கிராமத்துச் சிறுமியொருத்தியின் துயரம் எமது ஊர்ப் பிள்ளையின் கைக்கு எட்டியது என்பதும் உண்மையே. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அவ்வச்சுப் பணியும் நின்றது. வீட்டுக்கு வீடு இரவல் சென்று அட்டை கிழிந்த பழைய பிரதிகளே எஞ்சின.

எமது மண்ணில் அப்பிரதிகளுக்கும் நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அரிசியையும் குழந்தையையும் சுமந்தவர்கள் புத்தக அலுமாரியைச் சுமக்க இயலவில்லை. எனவே, எம்மவர் நூலின் பெயரை மறந்தமைக்கு வயது மட்டும் காரணமன்று. பெயரைச் சொல்லக்கூடிய முன்னட்டையே எரிந்தும் சிதைந்தும் போயிற்று. அரை நினைவு என்பது இங்கே வரலாற்றின் காயம்.

ஏட்டுச் சுவடிகளைத் தேடியோரை எமது சமுதாயம் உரியவாறு போற்றுகின்றது. 1887இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி, விடுபட்ட அடிகளைத் தேடி, ஆசிரியர் பெயரையும் உரைகாரர் பெயரையும் நிலைநாட்டியமை அன்னோரின் பெருந்தொண்டு. ஆனால், மலிவான தாளில் அச்சான சிறுவர் நூலுக்கு அதே மதிப்பை அளிக்க எம்மிற் பலர் தயங்குகின்றனர். புலவர்கள் பேணிய நூல் செல்வம். தொழிலாளியின் பிள்ளை படித்த நூல் குப்பை என்னும் மனப்பான்மை இது. இதனை முற்போக்காளர்கள் என்போரும் முற்றாக விட்டொழித்தாரல்லர்.

இனி, கதையினுள்ளே நுழைவோம். ‘முதல் ஆசிரியர்’ மறதியைப் பற்றியே எழுதப்பட்ட கதை என்பது, அதனை அரைகுறையாக நினைவு கூர்வோர் பலரும் காணத் தவறும் உண்மை. குர்குரேவ் கிராமத்திலே புதிய பள்ளி திறக்கப்படுகின்றது. அக்கிராமத்தில் அநாதையாக வளர்ந்து, பேரறிஞராக உயர்ந்த அல்தினாய் விழாவுக்கு வருகின்றாள். விருந்து நடைபெறும்போது வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. அவற்றைக் கொண்டுவந்த கிழத் தபால்காரர் உள்ளே வராமலே மற்றக் கடிதங்களைக் கொடுக்கச் சென்றுவிடுகின்றார். அவர்தான் தூய்ஷேன், 1924இல் அவ்வூரின் முதற் பள்ளியைத் தொடங்கியவர். எழுத்துகளையே செவ்வையாக அறியாத அவர் பாடஞ் சொன்னதைப் பேசி விருந்தினர் நகைக்கின்றனர். அல்தினாய் நாணித் தலைகுனிந்து, அன்றே ஊரைவிட்டுச் செல்கின்றாள். பின்னர், அவ்வூர் ஓவியன் ஒருவனுக்கு எழுதும் கடிதத்திலே முழுக்கதையையும் கூறுகின்றாள்.

சிறுவயதில் இதனைப் படித்தோர் மனத்தில் ஓடைக் காட்சி நிலைத்திருப்பது இயல்பே. உறைபனிக் காலத்து நீரிலே வெறுங்காலுடன் இறங்கி, ஒரு பிள்ளையை முதுகிலும் மற்றொன்றைக் கையிலுமாகச் சுமக்கும் ஆசிரியர். குதிரைமீதமர்ந்து அதைக் கண்டு ஏளனஞ் செய்யும் செல்வர்கள். இதிலுள்ள வர்க்க முரண்பாட்டைக் குழந்தையும் உணரும். அவர்களுக்கு விருந்தும் குதிரையும் உண்டு. இவருக்குப் பழைய படைக்கோட்டு ஒன்றே உண்டு. ஆயின், கதையின் நடுப்பகுதியைப் பலரின் நினைவு விலக்கிவிடுகின்றது. பதினான்கு வயதுச் சிறுமியான அல்தினாயை அவளுடைய சிற்றன்னை செல்வனொருவனுக்கு இரண்டாந் தாரமாக விற்கின்றாள். தடுக்க வந்த தூய்ஷேனை அடித்துக் கையை முறிக்கின்றனர். சிறுமி கவர்ந்து செல்லப்பட்டு வன்முறைக்கு ஆளாகின்றாள். அதற்கு முன்னரே அவளோடு சேர்ந்து இரு பாப்லார்க் கன்றுகளை ஆசிரியர் நட்டிருந்தார். பொலிஸாருடன் சென்று அவளை அவர் மீட்கின்றார். பின்னர் அவளைத் தாஷ்கந்துக்குப் படிக்க அனுப்புகின்றார். நினைவில் நிற்கும் அவ்விரு மரங்களும் கிராமத்து இயற்கையழகின் சின்னங்களல்ல. விற்கப்படவிருந்த சிறுமியொருத்தி மனிதப்பிறவியாக வாழவேண்டுமென்று நடப்பட்ட சாட்சிகள் அவை. மரங்களை நினைவில் வைத்து விற்பனையை மறந்த வாசகர், நூலைத் தேடிக் கண்டடைந்து மறுபடியும் படித்தாலன்றி இதனை உணரார். தேடலின் இலக்கியப் பயன் இதுவே: குழந்தை படித்த நூலை வளர்ந்தவர் முதன்முறையாகப் படிக்கின்றார்.

அரை நினைவு நூல்களை ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் உண்டு. புல்வெளியிலே இருவர் நடந்து செல்லும் ஓவியமொன்றை ‘முதல் ஆசிரிய’ரின் பகுதியாகக் கூறுவோர் உளர். அது ‘ஜமீலா’வில் வருவது. இரு கதைகளையும் ஓவியன் ஒருவனே எமக்குச் சொல்லுகின்றான். அதனால் வந்த மயக்கம் அது. ஆனால், ‘ஜமீலா’வின் ஓவியம் வரையப்பட்டுவிட்டது, ‘முதல் ஆசிரிய’ரின் ஓவியன் தனது படத்தை இன்னும் வரையவில்லை. எக்காட்சியை வரைவது என்று சிந்திப்பதோடு கதை முடிகின்றது. பட்ட கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதே இம்முடிவின் பொருள்.

நூலின் குறைபாடுகளையும் நாம் மறைத்தலாகாது. தூய்ஷேன் ஏறக்குறைய மாசற்றவராகவே படைக்கப்பட்டுள்ளார். 1965இல் அந்திரேய் கொன்சலோவ்ஸ்கி இதனைத் திரைப்படமாக்கியபோது, கடுமையும் பிடிவாதமும் நிறைந்த ஒருவராக அவரைக் காட்டினார். புதிய பள்ளிக்காக ஊரின் மரத்தையே அவர் வெட்டத் தொடங்குவதோடு படம் முடிகின்றது. மக்களை நேசிப்பவரும் மக்களோடு மோத நேரிடும் என்ற சிக்கலை நாவலைவிடப் படம் கூர்மையாக உணர்த்தியது. மேலும், நாவல் சொல்லாத உண்மையொன்று உண்டு. ஐத்மாத்தவின் தந்தை தொரெகூல், புதிய ஆட்சியைக் கட்டியெழுப்பிய கிர்கீசியக் கம்யூனிஸ்டுகளுள் ஒருவர். அவரை அதே அரசு 1938இல் சுட்டுக்கொன்றது. புதைத்த இடம் குடும்பத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1991இலேயே சோன்-தாஷ் என்னுமிடத்துப் பெருங்குழியில் அவரது எச்சங்கள் அடையாளங் காணப்பட்டன. தூய்ஷேனின் தலைமுறை மறக்கப்பட்டதற்கு ஊராரின் நன்றிமறதி மாத்திரமே காரணமன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. காணாமற்போன தந்தையின் மகன், மறக்கப்பட்ட ஆசிரியரின் கதையை எழுதினான். இதனை அறிந்து படிப்பதால் எமது கொள்கைப் பற்றுக்கு இழுக்கு நேராது. அறியாமற் படிப்பதே இழுக்காகும்.

அங்ஙனமாயின், தேடல் எவ்வாறு நிகழவேண்டும்? இன்று வழிகள் முன்னிலும் பல. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ மின்னூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேகரித்து யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. சோவியத் தமிழ் நூல்கள் பலவற்றை ஆர்வலர்கள் படியெடுத்து இணையத்தில் ஏற்றியுள்ளனர். ‘முதல் ஆசிரியர்’ தமிழகத்திலே மறுபதிப்பும் பெற்றுள்ளது. எனினும், இயந்திரம் பெயரைக் கேட்கின்றது. எம்மிடம் இருப்பதோ காட்சி. ஐத்மாத்தவ், அயித்மாத்தவ், ஐத்மாதவ் என்று ஒரே பெயர் பலவாறு எழுதப்படுவதால் பெயரறிந்தவரும் இடர்ப்படுவர். இவ்விடைவெளியை மனிதரே நிரப்பவேண்டும். பழைய வாசிகசாலைகளின் இரவற் பதிவேடுகளைக் காத்தல், ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் புத்தகசாலை நடத்திய முதியோரிடமும் கேட்டு எழுதிவைத்தல், கதையின் சுருக்கத்தோடு எழுதியோர், பெயர்த்தோர், பதிப்பித்தோர் பெயர்களையும் நிரற்படுத்தல் ஆகியவை ஒரு பாடசாலைத் தமிழ் மன்றம் ஓராண்டிற் செய்து முடிக்கக்கூடிய பணிகள். மாணவர் ஒருவர் நூலொன்றின் கதையைக் கூறும்போது, “தமிழிலே தந்தவர் யார்?” என்று வினவுவதை வகுப்பறை வழக்கமாக்குவதற்குச் செலவேதும் இல்லை.

கதையிலே அல்தினாய் ஒருமுறை ரயிலிற் செல்கையில், தண்டவாளத்தருகே நிற்கும் தொழிலாளியைத் தூய்ஷேன் எனக் கருதி, வண்டியை நிறுத்தி இறங்கி ஓடுகின்றாள். அவர் வேறொருவர். தேடுவோர் இவ்வாறு பலமுறை ஏமாறுவர். அதனால் தேடல் வீணாகிவிடாது. அவள் இறுதியில் ஊராரிடம் வேண்டுவது மிக எளிய ஒன்றையே: புதிய பள்ளிக்குத் தூய்ஷேனின் பெயரைச் சூட்டுங்கள் என்கின்றாள். பெயரை உரியவருக்கு மீட்டளித்தல் என்பதன்றி வேறெதனையும் அவள் கேட்கவில்லை. எமது பிள்ளைப்பருவத்து நூல்களுக்கு நாம் பட்ட கடனும் அவ்வளவே; அதனை இன்னும் தீர்த்தோமில்லை.