தோன்றா எழுவாய்

தோன்றா எழுவாயை நடத்தும்போது இலக்கணப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, பெண்கள் இதழ்களில் வரும் அழகுக் குறிப்பு போல ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். ஆவாரம்பூவை உலர்த்தி, அரைத்து, சலித்து, பாலில் குழைத்துப் பூசி வர நிறம் கூடும். உலர்த்துவது யார், சலிப்பது யார் என்று கேட்பேன். வகுப்பு கொஞ்சம் யோசிக்கும். பிறகு யாராவது ஒருத்தி, "எங்க அம்மா மிஸ்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அம்மாதான். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்துவந்த ஆவாரங்கொத்தில் மிச்சமானதைக் கிள்ளி வைப்பதில் தொடங்கும் அவளுடைய வேலை. பூவை வேட்டித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, திண்ணை நிழலில் மூன்று நான்கு நாள் காயவிடுவாள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து மணமும் போய்விடும். ரோஜா இதழுக்கும் அதே கணக்கு. பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளுக்கு வேறு கணக்கு: சீவி, நல்ல வெயிலில், ஒடித்தால் டக்கென்று முறியும்வரை. எல்லாம் பச்சைப்பயறோடு சேர்ந்து மில்லுக்குப் போகும். மிளகாய் அரைத்த கையோடு அரைத்தால் முகம் எரியும் என்று, முதலில் ஒரு படி அரிசியை ஓட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பாள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்று தாம்பாளத்தில் ஆறவிட்டு, துணியில் சலித்து, கண்ணாடிப் புட்டியில் போடுவாள். மேலே நின்ற திப்பி அவள் குதிகாலுக்கு. ஈரக்கையைப் புட்டிக்குள் விட்டவர்களுக்கு அன்றைக்கு அர்ச்சனை உண்டு.

குறிப்பில் இவை எல்லாம் மூன்று வினையெச்சங்கள். பூசிக்கொள்ள ஆகும் இருபது நிமிடத்தை மட்டும் மறக்காமல் போட்டுவிடுவார்கள்.

இந்த மறைப்பை வார இதழ்கள் கண்டுபிடிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடிய கோவலனைத் தணிவிக்க மாதவி குளிக்கிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீர். ஆக 47 பொருள்கள். உரை எழுதிய அடியார்க்குநல்லார் இந்தப் பட்டியலை விரித்தும் தருகிறார். ஐந்து விரை என்பவை கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம். முனைவர் பட்ட ஆய்வின்போது அந்தப் பக்கத்தை வியந்து வியந்து படித்தேன். இத்தனையையும் இடித்தது யார், ஊறவைத்தது யார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு குளியலுக்கு 47 பொருள்கள் என்றால் அதன் பின்னால் எத்தனை கைகள் இருந்திருக்க வேண்டும்? மூலத்திலும் உரையிலும் பொருள்களுக்குத்தான் பெயர் இருக்கிறது.

குறிப்பின் கடைசிச் சொற்களான 'நிறம் கூடும்' என்பதற்கு வருகிறேன். பேச்சுவழக்கில் 'நல்ல நிறம்' என்றால் வெளுப்பு. 'நிறம் கம்மி' என்றால் கறுப்பு. கறுப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல. சங்க அகப்பாடல்களில் இது தலைகீழ். அங்கே தலைவியின் அழகு மாமை. மா என்றால் கருமை. மாந்தளிரின் மினுமினுப்போடு சேர்ந்த கருமை. பிரிவில் அதன்மேல் படர்கிற வெளிறிய மஞ்சள்தான் பசலை; பீர்க்கம்பூவைப் போன்றது என்பார்கள். தன் மாமையைப் பசலை தின்னப்போகிறதே என்று வெள்ளிவீதியார் ஆற்றாமல் பாடியது குறுந்தொகையில் இருக்கிறது. வள்ளுவர் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நம் பாட்டுகளில் நோயாக இருந்த வெளிறலைத்தான் ஆறே வாரத்தில் தருவதாகக் களிம்புகள் சொல்கின்றன. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. 'இயற்கை அழகு'க் குறிப்புகள் அந்த அளவுக்குக்கூடக் கூச்சப்படவில்லை.

தான் சொல்கிற மூலிகையையும் குறிப்புகள் படிப்பதில்லை. நலங்கு மாவுப் பட்டியல்கள் பலவற்றில் கார்போகரிசி இருக்கும். அதிலுள்ள சோராலென், தோலை வெயில் சீக்கிரம் தாக்கும்படி செய்கிற பொருள். வெண்புள்ளிக்கு அதைக் கொடுப்பதே, போன கருமை தோலுக்குத் திரும்ப வேண்டும் என்றுதான். வெளுக்க வைக்கும் பட்டியலுக்குள் கறுக்க வைக்கும் விதை! சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் பேருந்துக்கு நின்ற என் மாணவி ஒருத்தி, கழுத்தில் கொப்புளத்தோடு வந்தாள். கொப்புளம் ஆறியும் கரும்படை மாதக்கணக்கில் போகவில்லை. எலுமிச்சைக்கும் வெயிலுக்கும் ஆகாது. எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வரிக்கு இடமில்லாத குறிப்பில் 'பக்கவிளைவு இல்லாதது' என்பதற்கு மட்டும் எப்படியோ இடம் இருக்கிறது.

என் இருபத்தாறு வயதில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா எனக்கு ஒரு மண்டலம் மாவு தேய்த்தாள். அதுவரை அந்தப் புட்டி எங்களுக்கு வேர்க்குருவுக்கும் வியர்வைக்கும்தான். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அவர்கள்மேல் இன்று எனக்குக் கோபம்கூட இல்லை. அம்மா அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மாவு அரைக்கவில்லை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தன் கைப்பக்குவம் தோற்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். தோற்க அதில் எதுவுமில்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மாமை பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தேன் அப்போது.

மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையை நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி, 1997இல் அது ரத்தானது. ஆதாரமாக வைத்தவற்றில் வடமொழி ஏடு ஒன்றும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் அடக்கம். மகிழ்ச்சிதான். ஆனால் நம் அடுப்படிகளில் பெண்கள் எதையும் எழுதி வைத்ததில்லை.

அதனால் இந்தத் தை மாதம் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். எது நிழல், எது வெயில், எத்தனை நாள், எவ்வளவு பயறு. கார்போகரிசி வேண்டாம் என்றேன். "நான் எப்படி போட்டேன், அது கடைக்காரன் போடுறது" என்றாள். புட்டியில் ஒரு தாளை ஒட்டி, அரைத்த தேதியையும் கீழே அவள் பெயரையும் எழுதினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தாள்.

"பேரெல்லாம் எதுக்குடி? மூடியை இறுக்கி மூடு, வண்டு வந்துரும்."