வட்டுக்கோட்டைப் பாடம்

விஸ்காம் என்றும் இதழியல் என்றும் படைப்பெழுத்து என்றும் கல்லூரிதோறும் வகுப்புகள் பெருகிவரும் இந்நாளில், எழுதவும் பதிப்பிக்கவும் முறையாகக் கற்பிக்கும் கல்வி தமிழருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது என்ற பேச்சு மேடைக்கு மேடை அடிபடுகிறது. சரித்திர ஞானமற்ற இப்பெருமிதத்தை மறுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பார்த்தாலே போதும். கிழக்கே கடலோரத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்த சமயச் செய்திகளைப் பர்த்ருஹரியின் சுலோகங்களோடு சேர்த்து எழுதிய நூல் 1651-இல் லெய்டனில் அச்சேறிற்று. இந்தப் பக்கம், சிப்காட் ஆலைகளைக் கொண்ட கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. யான் சொல்லப் புகுந்த கல்விச்சாலை அம்மக்களின் தாயகத்தில் தோன்றியது.

1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தையும், சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்தையும், புதுச்சேரியில் கைப்பற்றப்பட்டு வேப்பேரிக்கு வந்து சேர்ந்த அச்சுப்பொறியையும் வாசகர் அறிவர். அவற்றின் புகழ் பெரும்பாலும் நூல்களால் வந்தது. எழுதுகிறவனையே உருவாக்கும் காரியத்தில் தலைசிறந்தது, அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி.

மதமாற்றமே அதன் நோக்கம். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆயினும் ஆங்கிலமும் தமிழிலக்கணமும் கணிதமும் வான சாஸ்திரமும் ஒருங்கே பயின்ற மாணாக்கர், அங்கே தர்க்கம் செய்யவும், செய்தி எழுதவும், பிழை திருத்தவும் பழகினர். அப்பயிற்சியின் பலனாக 1841-இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகை. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று அமெரிக்கப் பெயர் தாங்கிய தமிழர் இருவர் அதன் ஆசிரியர்கள். கற்பித்தவர்களையும் அக்கல்வி சும்மா விடவில்லை. செமினரிக்குத் தலைமை வகித்த ஹொய்சிங்டன் துரை, சைவத்தை வெல்லவேண்டுமாயின் முதலில் அதை அறியவேண்டும் என்று தொடங்கினார் போலும். சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார்.

படித்தவர்கள் போதகராகாமல் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்ற அதிருப்தியால் 1855-இல் செமினரி மூடப்பட்டது. கணக்குப் பார்த்தவர்களின் பேதைமை அது! அதே பாசறையில் பயின்று, பெர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி'யை நடத்தி, சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தும் சைவத்துக்கு மீண்டவர். பௌத்தரான புத்தமித்திரரின் வீரசோழியத்தை 1881-லும், கலித்தொகையை 1887-லும் அச்சேற்றியவர். கட்டவிழ்க்கும்போதே ஓலை முறிந்து உதிர்வதை எண்ணி அவர் பதிப்புரையில் புலம்பியிருப்பது, நூலின் உயிர் எங்கே போகிறதென்று கண்ணாரக் கண்டவரின் துயரம். அவர் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரியோ மீண்டும் கிறிஸ்தவரானார். ஆகியும், சைவத் திருமுறைப் பாடல்களை ஜி.இ. பிலிப்ஸுடன் ஆங்கிலமாக்கி 1921-இல் வெளியிட்டார். தந்தை ஒரு திசையும் மகன் மறு திசையும் சென்றபோதிலும், இருவரையும் ஆட்கொண்டது மூலநூற் பயிற்சி ஒன்றே.

வட்டுக்கோட்டையில் படியாத ஆறுமுக நாவலரும் இவ்வழிக்குப் புறம்பானவர் அல்லர். வெஸ்லியன் பாடசாலையில் கற்று, பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவி, அவ்வனுபவத்தையெல்லாம் பிரசங்கமாகவும் பாலபாடமாகவும் கண்டன நூலாகவும் சைவத்தின் கைக்கு மாற்றித் தந்தவர் அவர்.

இன்றைய வகுப்புகளில் காமிராவுக்கும் மென்பொருளுக்கும் உரிய இடம் இருக்கட்டும். ஆனால் பாடபேதம் என்றால் யாதென்று அறியாமலே 'பதிப்பியல்' படித்ததாகச் சான்றிதழ் பெறுவது என்ன கூத்து? ஒரு பருவமேனும் மாணவர் கையில் ஒரு சுவடிப் படியையும் பழம் பதிப்புகள் இரண்டையும் கொடுத்து ஒப்புநோக்கச் சொல்ல வேண்டும். தமக்கு உடன்பாடில்லாத சமயக் கொள்கை ஒன்றை, அதன் மூலநூலைக் கொண்டே நேர்மையாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கும்படி கட்டுரை வரையச் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் வசதி எங்கே என்பார்க்குச் சொல்லுவேன்: கும்மிடிப்பூண்டி மாணவன் மின்சார ரயிலேறினால் சென்னை; அங்கே பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துச் சுவடிகளும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களும் இருக்கின்றன.