துறைமுகம் மறைந்த துறைமுக நகரம்: ஜார்ஜ் டவுன் மரபுடைமைச் சுற்றுலாப் பனுவல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் உள்ளது. அந்நகரைக் காணவரும் பயணிக்கென உருவாகியுள்ள நடைவழிகள், தெருப்பெயர் விளக்கங்கள், சுவரோவியங்கள், உணவு அறிமுகங்கள் ஆகியவற்றை ஒரே பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பனுவல் பண்பாட்டை முன்னிறுத்தி உழைப்பைப் பின்னுக்குத் தள்ளுவதையும், தமிழ்ப் பயண எழுத்து அக்குறையை வேறொரு வகையில் தொடர்வதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஜார்ஜ் டவுன், மரபுடைமை, சுற்றுலா, சூலியர், நாகூர் தர்கா, துறைமுக உழைப்பு, தெருப்பெயர்.

முன்னுரை

1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்றும், நகருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரும் இடப்பட்டன. கெடா சுல்தான் எதிர்பார்த்த படைத்துணை கிடைக்கவில்லை. தீவை மீட்க 1791இல் எடுத்த முயற்சியும் தோற்றது. அதன் பின் ஆண்டுத்தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு அவர் ஒப்பந்தத்திற்கு உடன்பட நேர்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இந்நிகழ்வை ஒரு வரியில் கடந்து கார்ன்வாலிஸ் கோட்டையின் பீரங்கிகளுக்குச் சென்றுவிடுகின்றன. போர் எதையும் காணாத அக்கோட்டை நகரின் முதற்காட்சியாக நிற்பதும், கோட்டைக்குக் காரணமான கடல்வாணிகம் அடிக்குறிப்பாகச் சுருங்குவதும் ஒரு தெரிவின் விளைவே.

அத்தெரிவு யுனெஸ்கோவின் ஏற்பு ஆவணத்திலிருந்து வந்ததன்று என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும். 2008 ஜூலை 7இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என ஒருசேரப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கான மூன்று அளவுகோல்களுள் முதலாவது, வாணிகப் பரிமாற்றத்தால் உருவான பல்லினத் துறைநகரங்கள் என்பதையே வற்புறுத்துகிறது. வாணிபம் அங்கே காரணம். பண்பாடு அதன் விளைவு. ஆவணம் நடைவழி வரைபடமாக மாறும்போது காரணம் உதிர்ந்து விளைவு மட்டும் எஞ்சுகிறது. 109 ஹெக்டேர் பரப்புள்ள மையப்பகுதி, அதைச் சூழ்ந்த 150 ஹெக்டேர் இடைப்பகுதி ஆகியவற்றுள் பயணி கால்நடையாகக் காண்பது இந்த எச்சத்தைத்தான்.

நல்லிணக்கம் என்னும் வாசிப்பு

முன்னாளில் பிட் தெரு எனவும் இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை எனவும் வழங்கும் தெரு, சுற்றுலாப் பனுவலில் ‘நல்லிணக்கத் தெரு’ எனப் புகழப்படுகிறது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818), சீனரின் கருணைத் தேவி கோயில், குயின் தெருவில் வாயில் கொண்ட மகாமாரியம்மன் கோயில் (1833), கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் (1801) ஆகிய நான்கும் சில நிமிட நடைக்குள் அமைந்திருப்பது உண்மை. அவற்றின் வழிபாட்டாளர் ஒருவர்மீது ஒருவர் காட்டிய பொறுமையும் மறுக்கத்தக்கதன்று. தைப்பூசத்தில் வெள்ளிரதம் வரும் வழியில் சீனர் தேங்காய் உடைப்பதைக் கண்ட எவரும் அதனை ஐயுறமாட்டார்.

எனினும் நல்லிணக்கம் என்ற ஒரு சொல்லால் இவ்வமைப்பை விளக்கிவிட முடியாது. கம்பெனி குடியேறியவர்களை இனவாரியாகப் பகுத்து, ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு கப்பித்தானை ஏற்று, அவர்வழி ஒழுங்கை நிலைநாட்டியது. பள்ளிவாசலுக்கான நிலத்தைப் பெற்ற காதர் முகைதீன் ஒரு வணிகர். ‘கிளிங்’ எனப்பட்ட தென்னிந்தியருக்குக் கப்பித்தான். கம்பெனியின் நிலக்கொடை ஆட்சிக்கான ஏற்பாடு. பள்ளிவாசல் அதன்மேல் எழுந்த சமூகத்தின் சாதனை. இரண்டையும் பிரித்தறியாத வாசிப்பு குடியேற்ற அரசின் நிருவாகத் திட்டத்தைப் பண்பாட்டுப் பெருமிதமாக மாற்றித் தருகிறது.

இவ்விடத்தில் கூ சல்மா நசுத்தியோனின் ‘பினாங்கில் சூலியர்’ (2014) என்னும் ஆங்கில நூலின் பங்களிப்பு பெரிது. பள்ளிவாசலைக் கட்டடமாக அணுகாமல், அதனைச் சுற்றிய வக்ஃபு நிலங்களும் குடியிருப்புகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்த ஓர் ஊராக அவர் அணுகுகிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறநிலைய வாரியம் ஏற்பட்டபின் அக்குடியிருப்புகள் அகற்றப்பட்டுப் பள்ளிவாசல் இன்றைய வெட்டவெளியில் தனித்து நிற்கலாயிற்று. பயணி ஒளிப்படம் எடுக்க வசதியாக இருக்கும் அந்த வெளி ஒரு காலத்தில் மக்கள் வாழ்ந்த இடம். இச்செய்தியை அறிந்தபின் அதே காட்சி வேறாகத் தெரிகிறது. இதனை அறிவிக்கும் இடமாக நடைவழிப் பலகை இருந்திருக்கலாம்.

‘கிளிங்’ என்னும் சொல்லைப் பற்றியும் இவ்வாறே கூற வேண்டும். கலிங்கத்தோடு தொடர்புபடுத்தி விளக்கப்படும் இச்சொல் நெடுங்காலம் தென்னிந்தியரைச் சுட்டும் பொதுப்பெயராக இருந்து, பின்னர் இழிவுப் பொருள் ஏற்றது. மலேசியத் தமிழர் இதனை இன்று வசையாகவே உணர்கின்றனர். அதே சொல் நகரின் முதன்மையான தெருப்பெயரிலும் பள்ளிவாசலின் பெயரிலும் மதிப்புடன் நிலைத்துள்ளது. ஒரு சொல்லின் இவ்விரு வாழ்வையும் விளக்காது பெயரைமட்டும் ஒப்புவிப்பது, தமிழ்ப் பயணியைக் குழப்பத்திலும் பிறரை அறியாமையிலும் விட்டுவிடுகிறது.

தெருப்பெயர்களின் பல குரல்

லைட் வகுத்த தொடக்க நகரின் எல்லைத் தெருக்களுள் ஒன்று சூலியா தெரு. அது முதலில் மலபார் தெரு எனப்பட்டது. ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றழைத்த காலம் அது. ஹொக்கியன் பேசும் சீனர் அத்தெருவை மாட்டுத்தொழுவத்தோடு தொடர்புடைய ஒரு பெயரால் வழங்குகின்றனர். தொழுவத்தைக் குறிக்கும் ‘கண்டாங்’ என்ற மலாய்ச் சொல் அப்பெயரில் ஒலிக்கிறது. ஆர்மீனியன் தெரு அவர்களுக்குச் செம்புக் கன்னார் தெரு. மார்க்கெட் தெரு தமிழருக்குக் கடைத்தெரு. நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெரு கிட்டங்கித் தெரு.

ஆங்கிலப் பெயர்கள் ஆளுநர்களையும் அமைச்சர்களையும் அரச குடும்பத்தையும் நினைக்கின்றன. மக்கள் இட்ட பெயர்களோ தொழிலையும் பண்டத்தையும் நினைக்கின்றன. துறைமுக நகரத்தின் வரலாறு எழுதப்படாமல் தங்கியிருக்கும் இடம் இந்த வழக்குப்பெயர்களே. மரபுடைமைப் பகுதியின் பெயர்ப்பலகைகள் சிலவற்றில் மலாயுடன் தமிழும் சீனமும் இடம்பெறுவது வரவேற்கத்தக்கது. ஆனால் அலுவற்பெயரை வேற்றெழுத்தில் பெயர்த்தெழுதுவது ஒன்று, அம்மொழியினர் இட்ட பெயரை ஏற்பது வேறொன்று. தமிழெழுத்து பலகையில் ஏறியும் தமிழ்ப்பெயர் ஏறாதபோது மொழி அணிகலனாகிறது.

சுவரோவியமும் வாடகையும்

2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவையொட்டி லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த சுவரோவியங்கள் நகரின் அடையாளமாகிவிட்டன. ஆர்மீனியன் தெருவில் உண்மையான மிதிவண்டியொன்றைச் சுவரோடு பொருத்தி வரையப்பட்ட இரு சிறுவரின் ஓவியத்தின்முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்காகவே ஆகியுள்ளது. ஓவியத்தின் கலைநயத்தைக் குறைகூற இடமில்லை. கேள்வி அது நிற்கும் தெருவைப் பற்றியது. அதே தெருவின் 120ஆம் எண் வீடு 1910இல் சுன் யாட்சென் புரட்சிப் பணிகளைத் திட்டமிட்ட இடம். அருகிலுள்ள ஆச்சே தெருப் பள்ளிவாசலைச் (1808) சுற்றி மக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த பயணிகள் தங்கினர். செம்புக் கன்னாரும் ஹஜ் பயணிகளும் புரட்சியாளரும் ஒரே தெருப்பகுதியில் சேர்ந்ததற்குக் காரணம் கப்பல். மிதிவண்டிச் சிறுவர் அந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. சொல்லவேண்டுமென எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் தெருவில் வேறெதையும் பார்க்கவிடாத அளவுக்கு அவர்கள் முன்னிற்கின்றனர்.

தெருமுனைகளில் பொருத்தப்பட்ட இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்களை இவற்றோடு சேர்த்து எண்ணலாகாது. அவை பழைய தொழில்களையும் தெருக்கதைகளையும் நினைவூட்ட முயல்கின்றன. உழைப்பு அங்கே நகைச்சுவையாக மட்டுமே நுழைய இடம்பெற்றது என்பது அவற்றின் எல்லை.

சுற்றுலாப் பனுவல் முற்றிலும் விடுத்த சட்டம் ஒன்றுண்டு. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. நகரின் கடைவீடுகள் இடிக்கப்படாமல் தப்பியதற்கு அச்சட்டமே பெருங்காரணம். குறைந்த வாடகையில் கட்டடத்தைப் புதுப்பிக்கவோ இடித்துக் கட்டவோ உடைமையாளருக்கு ஊக்கமில்லை. கைவினைஞரும் சிறுவணிகரும் தலைமுறையாக அங்கேயே தங்கியதற்கும் அதுவே காரணம். நீக்கத்திற்குப்பின் வாடகை உயர்ந்தது, பலர் வெளியேறினர். காலியான வீடுகள் சிலவற்றில் கூட்டுக்காகப் பறவை வளர்த்தனர். மனிதர் போன வீட்டில் உழவாரன் குருவி குடியேறியது. பின்னர் அவ்வீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாயின. வாழும் மரபுக்குச் சான்று என்று நகரம் 2008இல் ஏற்கப்பட்டபோது, அவ்வாழ்வின் பொருளாதார அடித்தளம் எட்டாண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்டிருந்தது. மரபுடைமை ஏற்பு நகரைக் காத்ததா கலைத்ததா என்னும் விவாதம் இந்தக் கால முறைமையைக் கணக்கில் கொள்ளாவிடில் பயனற்றது.

தோளும் தண்டும்

பினாங்கின் உணவு அறிமுகங்களில் முதலிடம் பெறுவது நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர் தண்டின் ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கேற்றிவந்த தொங்கான் படகுகளிலும் கரையோரச் சுமைப்பணியிலும் தமிழர், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், மிகுதியாக ஈடுபட்டிருந்தனர். சுமப்பவருக்குச் சுமந்துவந்து விற்ற உணவு அது. இன்று அதன் மசாலாக் கலவை விரிவாக எழுதப்படுகிறது; உண்டவர் யார் என்பது எழுதப்படுவதில்லை.

தமிழில் காவடி என்பதற்கும் தோளில் சுமக்கும் தண்டு என்ற பொருள் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு எடுத்துச் செல்லும் காவடி உலகப் படக்கருவிகள் அனைத்தையும் ஈர்க்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகத் தினமும் எடுத்த காவடிக்கு ஒரு பலகையும் இல்லை.

துறைமுகமே இடம்பெயர்ந்துவிட்டது என்பதும் இம்மறதிக்கு ஒரு காரணம். 1960களின் இறுதியில் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்குப்பணி எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு மாறியது. சுவெட்டன்ஹாம் துறையில் இன்று இறங்குவோர் உல்லாசக் கப்பல் பயணிகள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வந்திறங்கியவரின் வரலாற்றைச் சொல்லும் நினைவுக்குறி எதனையும் முதன்மை நடைவழிகளில் காண்பதரிது.

தமிழ்ப் பயண எழுத்தின் பங்கு

இதுவரை கூறியவற்றை வைத்துக் குறையனைத்தும் அயலாருடையது எனக் கருதலாகாது. தமிழில் வெளிவரும் பினாங்குப் பயணக் கட்டுரைகளில் இருவகைத் தாவல் இயல்பாகிவிட்டது. முதலாவது, எதிர்க்கரையிலுள்ள கடாரத்தையும் 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பையும் கூறிவிட்டு நேரே லிட்டில் இந்தியாவின் பூக்கடைக்கு வருவது. இடையிலுள்ள நூற்றாண்டுகளில் துறையில் மூட்டை தூக்கியவர், வட்டிக்கடைக் கணக்கெழுதியவர், நாடுகடத்தப்பட்ட கைதியாக வந்து சாலையமைத்தவர் எவரும் அத்தாவலுக்குள் அகப்படுவதில்லை. வெற்றி கொண்ட மன்னனுக்கு உறவு கொண்டாடும் எழுத்து, கூலியாக வந்தவனுக்கு உறவு சொல்லத் தயங்குகிறது.

இரண்டாவது தாவல் சமயம் சார்ந்தது. தண்ணீர்மலை முருகனும் மாரியம்மனும் தமிழர் அடையாளமாக எழுதப்பட, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் ‘பிற இடங்கள்’ என்ற தலைப்பின்கீழ்ச் செல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார் என்பது தமிழ் இதழியல் வரலாற்றுச் செய்தி. அந்நகரில் தமிழ் அச்சேறிய வரலாற்றில் தமிழ் முஸ்லிம்களை நீக்கினால் எஞ்சுவது மிகக் குறைவு. சமயவாரியாக நகரைப் பகுத்த கம்பெனியின் கண்ணைத் தமிழ்ப் பயணி இரவல் வாங்கிக்கொள்கிறான் என்றே இதனைக் கூறவேண்டியுள்ளது.

சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறிய கட்டடம் அது. கடற்பயணத்தில் காப்பவர் என்று மாலுமிகள் அவரைப் போற்றினர். அந்த நம்பிக்கை மதம் கடந்தது. சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் இதே பெயரில் எழுந்த கட்டடம் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக மாறிவிட்டது. பினாங்கில் அது வழிபாட்டிடமாகவே தொடர்கிறது. சுவரையொட்டிச் சிறுகடைகள் நிற்கின்றன. இறந்தவர் அடக்கமில்லாத இடத்தில் தர்கா எழுப்பியவர்கள் ஊர் திரும்ப இயலாதவர்களும், திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் ஆவர். தெருவின் விடுதிகளில் தங்கும் பயணிகள் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். வக்ஃபு ஆவணங்கள், கிட்டங்கிப் பேரேடுகள், உயில்கள், தமிழ் இதழ்களின் கப்பல் அறிவிப்புகள் ஆகியவற்றைத் தமிழறிந்த ஆய்வாளர் தேடிப் படிக்கத் தொடங்கினால் அக்கட்டடத்தின் முன் எழுதிவைக்க வேண்டிய பத்து வரிகள் கிடைக்கும்.