உப்பு நீர்மேல் ஓடும் அலை

டிஜிட்டல் வானொலி என்றதும் எல்லாரும் ஒலியின் தெளிவைத்தான் புகழ்கிறார்கள். இலங்கையின் கிழக்கே கல்முனை முதல் பொத்துவில் வரையான கரைக்கு அதைவிட முக்கியம், அலை எந்த வழியால் வந்து சேர்கிறது என்பது. பண்பலை (எஃப்.எம்.) ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 100 மீட்டர் கோபுரத்திலிருந்து புறப்பட்டால் 40 கிலோமீட்டர் சொச்சத்தில் பூமியின் வளைவு அதை மறித்துவிடும். மலைநாட்டு உச்சிகளில் நிற்கும் கோபுரங்கள் இன்னும் தூரம் எட்டும். ஆனால் இடையில் மலை மறைத்த ஊரெல்லாம் நிழல். கடலுக்கு மேல் ஈரக் காற்றின்மீது சூடான வறண்ட காற்று படிந்து நிற்கும் நாட்களில் தூரத்து எஃப்.எம். ஒன்று திடீரெனப் பெட்டிக்குள் வந்து விழும். அது அதிர்ஷ்டம், அதை நம்பித் தோணி தள்ள ஏலாது. மத்திய அலையோ நிலத்தோடு ஒட்டிப் பரவும். காய்ந்த மண் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலில் வெகுதூரம் ஓடும். பகலில் மேலே எழும் பங்கை அயனி மண்டலத்தின் அடிப்படலம் விழுங்கிவிடும். பொழுது பட்டு அந்தப் படலம் கலைந்தால், அதற்கு மேலுள்ளவை அலையைத் திருப்பி அனுப்பும்.

ஆகவே டிஜிட்டலில் எந்த வகை என்பதே பிரச்சினை. நோர்வே 2017இல் தேசிய எஃப்.எம். சேவைகளை நிறுத்தி மாறிய டிஏபி முறை, பண்பலையைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுவது. நமது கடலுக்கு அதனால் ஒரு முழம்கூடக் கூடாது. டிஆர்எம் என்ற இன்னொரு டிஜிட்டல் முறை மத்திய அலையிலும் சிற்றலையிலும் வேலை செய்கிறது. மின்சாரச் செலவு குறைகிறது, ஒரே அலைவரிசையில் மூன்று நிகழ்ச்சிகள் வரை அனுப்பலாம். அதற்கு இங்கே தேவையும் உண்டு: கல்முனையில் பொழுது கொழும்பைவிடச் சுமார் 8 நிமிடம் முந்திப் படும். கொழும்புப் பாங்குக்குக் காத்திருந்து இங்கே நோன்பு திறப்பதில்லை. கிழக்குக்கென்று ஒரு நிகழ்ச்சியைத் தனிக் கோபுரம் இல்லாமலே அதே அலையில் ஏற்றலாம் என்பதை நான் பெரிய வசதியாகவே எண்ணுகிறேன்.

குறை, அலை மெலியும்போது தெரியும். பழைய பெட்டியில் இரைச்சல் கூடக் கூட, காதைக் கொடுத்து "காற்று", "கரை திரும்பவும்" என்ற சொற்களையாவது பொறுக்கி எடுக்கலாம். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் மௌனம்தான். போதாக்குறைக்கு நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் (1963இல் தென்னிந்தியாவின் தும்பாவில் ரொக்கெட் தளம் அமைந்ததும் அந்தக் கோட்டுக்காகவே). பொழுது பட்ட பிறகு இங்கே மேல்படலம் அடிக்கடி குழம்புவதால், விண்வழி வரும் சிற்றலை துடிதுடிக்கும். நிலவழி வரும் மத்திய அலைக்கு அந்தத் தொல்லை குறைவு. பெட்டியின் விலை இன்னொரு தடை. இந்தியாவில் ஆல் இந்தியா ரேடியோ சுமார் 35 மத்திய அலை நிலையங்களில் டிஆர்எம் பொருத்தியும், கேட்கும் கருவி பெரும்பாலும் புதுக் கார்களோடுதான் வந்தது. ஆழ்கடல் படகில் கார் ஏது?

கைத்தொலைபேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் சிக்னல் இல்லை. கோபுரத்துக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் இறங்கினால் கரையிலும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்துக்கும் இந்தக் கரையில் சுனாமி அலை ஏறியதற்கும் இடையே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் இருந்ததே, வானொலி என்ன செய்தது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. அன்று குறை வானொலி அலையில் இல்லை, சொல்ல ஆளில்லாததில். அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்ததே 2005இல்தான். டிஆர்எம்மில் உள்ள அவசர எச்சரிக்கை வசதி, கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியைத் தானாகவே எச்சரிக்கை நிகழ்ச்சிக்கு மாற்றிவிடும். பெட்டி மூடிக் கிடந்தால் அதுவும் வீண்.

எனவே பழைய மத்திய அலையை மூடிவிட்டு டிஜிட்டலுக்குத் தாவுவதை நான் ஏற்கவில்லை. ஒரே கோபுரத்தில் இரண்டையும் சேர்த்து அனுப்பும் முறை இருக்கிறது. அதில் இரண்டின் வலுவும் கொஞ்சம் குறையும் என்று பொறியியலாளர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நட்டத்தை ஓரளவு ஈடுகட்ட உப்பு நீர் இருக்கிறது. ஜெர்மனியின் டொய்ச்ச வெலே 2013இல் கைவிட்டுப்போன திருகோணமலை நிலையம் இப்போது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம். அங்கிருந்து கல்முனைக்குக் கடல்வழியே பார்த்தால் இடையில் ஒரு மலையும் இல்லை.