சவ்வின் தெப்பங்கள்: எது நிற்கிறது, எது நிற்கவில்லை

கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் 1997-இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்த கருத்து, கேட்டவுடன் நம்பிவிடத் தோன்றுவது. செல்லின் சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்ஃபிங்கோலிப்பிடுகளும் சேர்ந்து தெப்பங்களாகத் திரள்கின்றன, சில புரதங்கள் அவற்றில் ஏறிக்கொள்கின்றன, செல்லுக்குள் செய்தி கடத்துவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்றார்கள். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் தந்த, எல்லாம் கலந்து மிதக்கும் சவ்வுக்கு இது ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. பிறகு எந்தப் புரதத்தைத் தொட்டாலும் அது தெப்பத்தில் இருப்பதாகக் கட்டுரைகள் குவிந்தன.

அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று ஒதுக்கிவைக்கலாம் என்பது என் கணிப்பு. அந்தக் கட்டுரைகளில் குளிரவைத்த செல்லை டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்புக் கரைசலில் கரைத்து, கரையாமல் மிஞ்சியதைத் தெப்பம் என்றார்கள். அந்தச் சோப்பே திட்டுகளை உண்டாக்கக்கூடும் என்று 2002-இல் ஹீர்க்லோட்ஸ் மாதிரிச் சவ்வுகளில் காட்டினார். அப்படியானால் மிஞ்சியது செல்லில் இருந்ததா, சோதனைக் குழாயில் பிறந்ததா? தெப்பங்கள் உண்மையில் உண்டா என்று 2003-இல் ஷான் மன்ரோ 'செல்' இதழில் எழுப்பிய சந்தேகம் கடுமையானது, நியாயமானதும்கூட.

இந்த விவாதத்தில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. பின்னர் அங்கே ஆய்வு நடத்திய சத்யஜித் மேயர், அதற்கு முன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் மேக்ஸ்ஃபீல்டிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்தவர். ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் மாட்டியிருக்கும் புரதங்கள் கேவியோலே என்ற சிறு குழிகளில் கூடிக்கிடப்பதாக அப்போது நம்பப்பட்டது. அடையாளம் காண இட்ட ஆன்டிபாடிகளே புரதங்களைப் பிணைத்து அங்கே கூட்டிவந்தன என்று 1994-இல் அவர்கள் காட்டினார்கள்.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரஜத் வர்மாவும் மேயரும் 1998-இல் செய்தது, ஆன்டிபாடி இல்லாமல் பார்க்கும் சோதனை. ஜிபிஐ புரதமான ஃபோலேட் ஏற்பியில் ஒளிரும் ஃபோலேட் ஒப்புமையை ஒட்டவிட்டார்கள். ஒளிரும் இரு மூலக்கூறுகள் சில நானோமீட்டர் நெருங்கினால் ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவும், வெளிவரும் ஒளியின் முனைவாக்கம் குறையும். புரதங்கள் சிதறிக் கிடந்தால், அவற்றின் அடர்த்தி கூடும்போது முனைவாக்கம் குறைந்துகொண்டே போகவேண்டும். அப்படிப் போகவில்லை; அதாவது அவை ஏற்கெனவே சிறு கொத்துகளாக நெருங்கி இருந்தன. அதே ஏற்பியைச் சவ்வை ஊடுருவும் வாலோடு வைத்தபோது எதிர்பார்த்தபடியே மாறியது. இந்த ஒப்பீடுதான் ஆய்வின் உயிர். 2004-இல் கணக்கு இன்னும் நெருங்கியது: 20 முதல் 40 விழுக்காட்டுப் புரதங்கள்தான் கொத்தில், கொத்துக்கு அதிகம் போனால் நான்கு. பெரிய தெப்பத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வேதிச் சமநிலையில் அடர்த்தி கூடினால் கொத்துகளின் பங்கும் கூடவேண்டும். இங்கே கூடவில்லை. இயற்பியலாளர் மதன் ராவோடு சேர்ந்து அவர்கள் வந்த முடிவு, இவை தாமாகத் திரண்டவை அல்ல, செல் ஆற்றல் செலவிட்டுத் திரட்டுபவை என்பது. முத்தாண்டிக்குப்பம், நெய்வேலிப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டும் நீரைப் பம்புகள் இரவுபகலாக இறைப்பதால்தான் சுரங்கம் காய்ந்து கிடக்கிறது. நிறுத்தினால் அந்த நிலை போய்விடும். செல்லில் கொத்துகளைத் திரட்டுவது, சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகளும் அவற்றை இழுக்கும் மயோசினும் செய்யும் வேலை என்றது அவர்களின் 2012 கட்டுரை. அந்த இழுப்பு, ஜிபிஐ புரதங்கள் மாட்டியிருக்கும் சவ்வின் வெளி அடுக்குக்கு எப்படிப் போகிறது? உள் அடுக்கில் உள்ள பாஸ்பாடிடைல்செரீன் என்ற கொழுப்பு வழியாக என்றது அவர்களின் 2015 கட்டுரை.

எதிர்ச்சாட்சியும் வலுவானதே. 1998-இலேயே ஆன் கென்வொர்தியும் மைக்கேல் எடிடினும் வேறொரு ஜிபிஐ புரதம் பெரும்பாலும் சிதறியே கிடப்பதாகக் கண்டார்கள். 2015-இல் செவ்சிக் குழு, ஜிபிஐ புரதங்களை ஓரிடத்தில் பிடித்துக் குவித்தும் அங்கே ஒழுங்கான கொழுப்புத் திட்டு உருவாகவில்லை என்றது. இரண்டாவது சோதனை தெப்பத்தைத்தான் அடிக்கிறது, நான்கு மூலக்கூறுக் கொத்தை அவ்வளவாகத் தொடவில்லை. பெங்களூர் பக்கத்திலும் குறை உண்டு. ஆதாரம் பெரும்பாலும் ஒரே முனைவாக்க முறையையும் ஒரே வகைப் புரதங்களையும் நம்பி நிற்கிறது. கொத்துகளைக் குலைத்த செல்கள் பரப்பில் சரியாக விரியவில்லை என்று பெங்களூர்க் குழு 2019-இல் காட்டியது அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

ஆகவே தாமாகத் திரளும் தெப்பம், சவ்வு முழுவதற்குமான விளக்கமாக நிற்காது. ஆற்றலால் கட்டப்படும் கொத்து ஜிபிஐ புரதங்களுக்கு நிற்கும். மற்றப் புரதங்களுக்கும் அதை நீட்டுபவர்கள், முனைவாக்கத்தைச் சாராத இன்னொரு முறையால் அந்த நான்கைக் காட்டட்டும்.