சட்டம் நிறுவிய நடைமுறை: ஒரு சொற்றொடரின் அரசியல்

அரசியல் நிர்ணய சபை விவாதங்களை இன்று கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் மேற்கோள் பொறுக்குபவர்கள். மற்றவர்கள், ‘அது பண்ணையார்களும் வக்கீல்களும் கூடின சபை, அதிலே படிக்க என்ன இருக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குகிறவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத் தரப்பட்ட ஓட்டில் உருவான மாகாண சட்டசபைகளே உறுப்பினர்களை அனுப்பின. ஆனால் ஒரு பிரதியின் வர்க்க அடையாளத்தைச் சொல்லிவிட்டால் வாசிப்பு முடிந்துவிடுமா? எந்தச் சொல் எப்போது வெட்டப்பட்டது, வெட்டியவர்கள் சொன்ன காரணம் எது, சொல்லாமல் விட்டது எது என்பதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

1947 ஏப்ரல் இறுதியில் சபையின் முன் வந்த அடிப்படை உரிமைகள் அறிக்கையில், ‘உரிய சட்ட நெறிமுறை’ இன்றி ஒருவரது உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்று இருந்தது. அமெரிக்கச் சட்டத்தின் ‘ட்யூ ப்ராசஸ்’தான். சட்டம் போட்டால் மட்டும் போதாது, அந்தச் சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்கலாம் என்பது அதன் பொருள். அதே கூட்டத்தொடரில்தான் சபையின் ஒரே கம்யூனிஸ்டான சோம்நாத் லாகிரி, இந்த உரிமைகளில் பல போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை என்றார். பிறகு வங்கப் பிரிவினையோடு அவருடைய இடமும் போயிற்று.

1948 பிப்ரவரியில் வரைவுக் குழு நகலைக் கொடுத்தபோது அந்தச் சொற்றொடர் காணாமல் போயிருந்தது. ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாற்றியிருந்தார்கள். இடையில் நடந்தது இதுதான்: சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா போய் நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரைச் சந்திக்கிறார். அவர், இது வேண்டாம், நீதிபதிகளுக்கு மிதமிஞ்சிய அதிகாரம் என்கிறார். புதிய சொற்றொடருக்கு ஜப்பானிய அரசியல் சட்டம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஜப்பானுக்கு அதை எழுதிக் கொடுத்தவர்கள் அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் என்பதையும் சேர்த்துப் படித்தால் வேடிக்கை பிடிபடும். ராவ் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் அல்ல.

1948 டிசம்பரில் சபை இதை விவாதித்தது. பழைய சொற்றொடரைத் திரும்பக் கொண்டுவர காஜி சையத் கரிமுதீன் திருத்தம் தந்தார். முன்ஷியும் லாரியும் ஆதரித்தார்கள். நம்மூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்த்தார்: அமெரிக்காவில் இந்த வாசகத்தை வைத்துத்தானே சமூகச் சட்டங்களை நீதிமன்றங்கள் முடக்கின? கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. தொழிலாளர் சட்டங்களை அங்கே நீதிபதிகள் அடித்துத் தள்ளியதும் உண்மை. ஆனால் இங்கே ‘சொத்து’ என்ற சொல் 1947 ஏப்ரலிலேயே இந்தப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டுத் தனிப் பிரிவாகிவிட்டது. மீதி இருந்தவை உயிரும் சுதந்திரமும் மட்டுமே. யாருடைய உயிர் நிலச்சீர்திருத்தத்தைத் தடுத்துவிடும்? ஆக, ஜமீன் ஒழிப்பு சொல்லப்பட்ட காரணம். விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் அதிகாரம் பற்றிய கவலை சொல்லில் அதிகம் வராத காரணம்.

அம்பேத்கர் இங்கே பக்கம் சாயவில்லை. நாடாளுமன்றத்திலும் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், ஐந்தாறு நீதிபதிகளையும் முழுசாக நம்ப முடியாது, சபையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். சாதி இந்து நீதிபதிகளைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்திருந்தால் அதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. திருத்தங்கள் தோற்றன. 1949 செப்டம்பரில் அவரே ‘15-அ’ பிரிவைக் கொண்டுவந்தார். இழந்ததற்கு ஈடு என்றார். கைதானவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது, வக்கீல் உரிமை எல்லாம் அதில் உண்டு. தடுப்புக் காவல் கைதிக்கு மட்டும் அவை கிடையாது! மூன்று மாதத்துக்கு மேல் வைக்க ஆலோசனைக் குழு வேண்டும், நாடாளுமன்றம் நினைத்தால் அதுவும் வேண்டாம். பக்ஷி தேக் சந்த் கடுமையாக எதிர்த்தார். எழுதினவர்கள் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற தொனியில் மகாவீர் தியாகி பேசினார். ஆனால் கை தூக்கி நிறைவேற்றியவர்களில் ஜெயிலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கட்சிதானே? ‘அம்பேத்கர் எழுதினது’ என்று பாரத்தை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் இந்தப் பெரும்பான்மை சௌகரியமாக மறைந்துகொள்கிறது. இந்தச் சட்டத்தை நான்தான் எரிப்பேன் என்று 1953இல் மாநிலங்கள் அவையில் அவர் சொன்னதை இந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம்.

அரசியல் சட்டம் அமுலுக்கு வந்த 16ஆம் நாள், 1950 பிப்ரவரி 11, சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கில், மே 19இல் உச்ச நீதிமன்றம், ‘சட்டம்’ என்றால் சட்டமன்றம் போட்ட சட்டம், அது நியாயமா என்று கேட்பது எங்கள் வேலையல்ல என்றது. பஸல் அலி மட்டும் மாறுபட்டார். வெட்டப்பட்ட சொல்லின் வரலாறு அந்தத் தீர்ப்பிலேயே சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, தூக்கி எறியப்பட்டதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தது. 22ஆம் பிரிவு மட்டும் அசையவில்லை. மிசா, தேசியப் பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டின் 1982 குண்டர் சட்டம் எல்லாம் அதன் நிழலில் வந்தவை. குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் அந்த மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. குறைத்த பிரிவை அமுலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்தக் கட்சி அரசும் இதுவரை வெளியிடவில்லை.